சுண்டை வேரில் தக்காளி

இலை பச்சையாக இருக்கும்போதே தக்காளிச் செடி துவண்டு சாய்ந்தால், உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பென்ஷன் காசுக்குக் கேடு என்பேன். வாடல் நோய்க் கிருமி இருப்பது மண்ணில். மேலே தெளித்து என்ன பயன்?

வேலியோரச் சுண்டைக்கு அதையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும் வலு உண்டு. சுண்டை மெதுவாக வளரும், முந்தியே விதைக்க வேண்டும். நாற்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, தக்காளி நுனியை ஆப்புபோல் சீவிச் செருகிக் கட்டுங்கள். ஈரமும் நிழலுமாக ஏறக்குறைய 10 நாள். எல்லாமே பிடிக்காது, கூடுதலாகவே கட்டுங்கள். நடும்போது ஒட்டு மண்ணில் புதைந்தால் தக்காளி தானே வேர்விடும், பிறகு பழைய கதைதான்.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருளுக்கு இது உதவாது. புது மண் நிரப்பிய மாடித் தொட்டிக்கும் இந்தப் பாடு வேண்டாம். கொல்லையில் வாடல் கண்டவர்களுக்குத்தான் சொல்கிறேன்.