கூண்டில் ஒரு வெளிவாயில்

பிடிப்பதற்கென்று செய்த கூண்டில், பிடிபட்டது வெளியேறுவதற்கும் ஒரு துவாரம் அமைக்க வேண்டும் என்று சட்டம் விதித்தால், கேட்போருக்கு முதலில் நகைப்பே தோன்றும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் நடைமுறையிலிருக்கும் விதி இதுவே. அம்மாநிலத்தின் பியூஜெட் சவுண்டு என்னும் உட்கடலில், விற்பனைக்கன்றிப் பொழுதுபோக்காக நண்டு பிடிப்போர் பலர். அவர்கள் நீரில் இறக்கும் ஒவ்வொரு நண்டுக் கூண்டின் மேற்பாதியிலும், 4¼ அங்குலத்திற்குக் குறையாத உள்விட்டமுடைய இரண்டு வளையங்கள் இருத்தல் வேண்டும். இச்சிறு விதியில் நம் கள அலுவலர்களும் ஆசிரியர்களும் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு பெரிய உண்மை உண்டென்பது என் கருத்து.

அங்குப் பிடிக்கப்படுவது டங்கனெஸ் நண்டு. ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து ஆண் நண்டுகளையே கொள்ளலாம். ஒவ்வொன்றின் ஓடும் குறுக்கே 6¼ அங்குல அகலமேனும் உடையதாயிருத்தல் வேண்டும். பெண் நண்டையும், ஓடு கழற்றிப் புதிய ஓடு இறுகாதிருக்கும் நண்டையும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். ஈண்டு ஓர் ஐயம் எழலாம். 6¼ அங்குலத்திற்குக் குறைந்தவை தப்பிச் செல்ல வேண்டுமெனில், வளையம் 4¼ அங்குலமாக இருந்தால் போதுமா? விடை நண்டின் நடையிலேயே உள்ளது. நண்டு பக்கவாட்டில் நடப்பது. ஆகவே துவாரத்தில் நுழையும்போது அதன் அகலம் தடையாவதில்லை. முன்பின் நீளமே தடையாகின்றது. அந்நீளம் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 6¼ அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போர், அது 4¼ அங்குலத்தை ஒட்டி நிற்பதைக் காண்பர். பிராணியின் இயல்பை அறிந்த பின்னரே விதியிலுள்ள எண் பொருள்படுகின்றது.

சிறு நண்டைப் படகிலேற்றி, அளந்து பார்த்து, மீண்டும் கடலில் விட்டால் போதாதோ என்று வினவுவோர் உண்டு. போதாது என்பதே என் துணிபு. நெருக்கமான கூண்டில் நண்டுகள் ஒன்றையொன்று தாக்கும். மென்மையான ஓடுடையவை பெரிதும் ஊறுபடும். கம்பி வலையைப் பற்றிக்கொண்டிருப்பதை அவசரமாக இழுத்தால் கால்கள் ஒடியும். அவ்வாறு ஊனமுற்றுத் திரும்பும் நண்டு பிழைத்து வளர்ந்து இனம் பெருக்கும் என்று எவ்வாறு உறுதி கூறவியலும்? மேலும், அளவுகோல் பிடிப்பவனுடைய பொறுமையையும் மனச்சாட்சியையும் நம்பி நிற்பது. துவாரமோ அவன் வீட்டில் உறங்கும்போதும் கடலடியில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சிறியவை தாமே வெளியேறிவிடுவதால், தரம் பிரிக்கும் உழைப்பும் அவனுக்குக் குறைகின்றது.

கூண்டைத் திருத்துவது கடினமன்று. விற்பனைக்கு வரும் கூண்டுகள் யாவும் விதிக்கு ஒத்தவையெனக் கொள்ளாது, வாங்கியவுடன் அளந்து பார்த்தல் நலம். வளையம் இல்லையேல், மேற்பாதியில் கம்பியை வெட்டி, வளையத்தை வைத்து, விளிம்பைச் சுற்றி இறுகக் கட்ட வேண்டும். வெட்டிய முனைகள் வழியில் நீட்டிக்கொண்டிருத்தலாகாது. இதில் நேரும் பிழைகள் இரண்டு. வளையத்தின் உள்விட்டத்தை விடுத்து வெளிவிட்டத்தை அளந்து திருப்தியடைவது ஒன்று. வளையத்தைப் பொருத்திவிட்டு, அதன் குறுக்கே செல்லும் கம்பியை வெட்டாது விடுவது மற்றொன்று. இவ்விரண்டிலும் வளையம் இருக்கும், வழி இராது.

இவ்வளையத்துடன் பருத்திக் கயிறு ஒன்றையும் சட்டம் கேட்கின்றது. கூண்டின் மூடியைப் பிணைக்கும் கொக்கியில், பதப்படுத்தப்படாததும் ⅛ அங்குலத்திற்கு மேற்படாத தடிப்புடையதுமான பருத்திக் கயிறோ வேறு இயற்கை நார்க் கயிறோ இருத்தல் வேண்டும். கூண்டு கடலில் தொலைந்துபோனால் கயிறு நாளடைவில் மட்கி அறும், மூடி திறக்கும், உள்ளிருக்கும் பெரிய நண்டும் விடுதலை பெறும். நைலான் கயிறு உறுதியானது என்றெண்ணி அதனைக் கட்டுபவர், அந்த உறுதியே கேடாவதை உணர்வதில்லை. திறவாத கூண்டில் மடியும் நண்டு அடுத்த நண்டிற்கு இரையாகி, அதனையும் உள்ளே ஈர்க்கும். வாஷிங்டன் மாநிலத்தின் அவ்வுட்கடற் பகுதிகளில் ஆண்டுதோறும் சுமார் 12,000 கூண்டுகள் தொலைகின்றன என 2011-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. யாருக்கும் பயனின்றி நிகழும் இவ்வழிவைத் தடுக்க ஒரு முழம் பருத்திக் கயிறு உதவுமாயின், அதனைச் சுமையென்று கூறுதல் பொருந்துமா?

ஆயினும் விதி செய்வோருக்கும் ஒரு கடமை உண்டு. திருத்திக்கொள்ள அவகாசம் தருதல் வேண்டும். அதே நாட்டின் புளோரிடா மாநிலத்தில், கல் நண்டுக் கூண்டுகளில் 2 3/16 அங்குல வளையம் வேண்டுமென 2020-ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பருவத்திலிருந்தே அதனைக் கட்டாயமாக்கினர். இது போற்றத்தக்க முறை. அத்துடன் காரணத்தையும் கூறுதல் வேண்டும். விதிகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இக்குறை நன்கு தெரியும். "இரண்டு வளையங்கள் பொருத்துக" என்ற கட்டளையை எம்மொழியிலும் ஒரே வரியில் எழுதிவிடலாம். நண்டு பக்கவாட்டில் நடப்பது என்ற செய்தி அவ்வரியில் இல்லையெனில், படிப்பவர் வளையத்தைப் பொருத்துவார். குறுக்குக் கம்பியை வெட்டமாட்டார்.

நம் நாட்டிற்கு வருவோம். 2003-ஆம் ஆண்டில் மத்திய வர்த்தக அமைச்சகம், ஏற்றுமதியாகும் சிங்கி இறால்களுக்கு, இனத்திற்கேற்ப 150 கிராம் முதல் 500 கிராம் வரை குறைந்தபட்ச எடைகளை விதித்தது. அது நல்ல விதியே. ஆனால் அது தராசின் முன்னே நின்று பேசும் விதி. எடை குறைந்ததென அங்கே ஒதுக்கப்படும் இறால் கடலைவிட்டு நெடுந்தூரம் வந்துவிட்டது. நம் கடல்களில் சிங்கி இறால் பெரும்பாலும் வலைகளிலேயே பிடிபடுவதால், பிற நாட்டு வளையத்தை அவ்வாறே கொணர்தல் பயன் தராது. கொள்ளத்தக்கது அதன் கருத்து: சிறியதைக் காக்கும் ஏற்பாடு, பிடிக்கும் கருவியிலேயே அமைதல் வேண்டும்.

ஆசிரியர்கள் ஓர் அட்டையில் 4¼ அங்குல வட்டமொன்றை வெட்டி, 6 அங்குல அகலமும் 4 அங்குல நீளமுமுள்ள அட்டை நண்டொன்றை அதன் வழியே பக்கவாட்டில் செலுத்திக் காட்டலாம். கள அலுவலர்கள், விதியை வாசித்துக் காட்டுவதற்கு முன் அந்த அட்டையைக் காட்டலாம். காரணம் விளங்கியவர் கையில் கத்தரிக்கோல் குறுக்குக் கம்பியைத் தானே தேடிச் செல்லும்.