ரெக்ஸம் கதையும் நம் பள்ளி மைதானமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஓடுகிற பேச்சுக்கு என் பதில் இது. குரல் பதிவாகப் போடத்தான் பார்த்தேன். பாதியில் இருமல் வந்துவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழுவில் இல்லாதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு நம் ஊரில் கால்பந்துப் போட்டி நடத்துவதாகத் திட்டம். ஊர் பெயரில் ஒரு அணி, ஜெர்சி, பெரிய கோப்பை, தொடங்கி வைக்க ஒரு சினிமா நடிகர். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள்தான் முன்னால் நிற்கிறார்கள். பணமும் சேர ஆரம்பித்துவிட்டது. "ரெக்ஸம் மாதிரி நம்ம ஊரையும் ஆக்கிக் காட்டுறோம் டீச்சர்" என்று ஒருவன் எழுதியிருந்தான். ரெக்ஸம் என்றால் ஏதோ மருந்துப் பெயர் என்று நினைத்தேன்.

லீவுக்கு வந்திருந்த பேரன்தான் சிரித்துவிட்டு டிவியில் போட்டுக் காட்டினான். "வெல்கம் டு ரெக்ஸம்" என்று ஒரு ஆவணத் தொடர், 2022இல் ஆரம்பித்தது. அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. அவன் நிறுத்தி நிறுத்தி விளக்கினான். முதல் நாள் பேரனுக்காகப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் தூங்கிய பிறகும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேல்ஸ் நாட்டில் ரெக்ஸம் ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊர். பக்கத்தில் கிரெஸ்ஃபோர்டு நிலக்கரிச் சுரங்கத்தில் 1934இல் நடந்த வெடி விபத்தில் 266 பேர் செத்துப்போனார்கள். பிறகு சுரங்கங்கள் மூடின, இரும்பாலையும் மூடியது. ஊருக்கு மிஞ்சியது 1864இல் தொடங்கிய கால்பந்து கிளப். அதுவும் 2008இல் ஐந்தாம் நிலை லீக்குக்கு இறங்கி அங்கேயே கிடந்தது. ராயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கல்ஹென்னி என்று இரண்டு நடிகர்கள் 2021 பிப்ரவரியில் அதை வாங்கினார்கள். இருபது லட்சம் பவுண்டு போடுவதாகப் பேச்சு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20 கோடி ரூபாய். 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று வருடம் மேல் நிலைக்கு ஏறி, இப்போது இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து லீக்கின் முதல் ஐந்து நிலைகளில் இப்படி மூன்று வருடம் தொடர்ந்து ஏறிய கிளப் இதற்கு முன் கிடையாதாம்.

அதில் ஒரு ஆட்டம் மனதை விட்டுப் போகவில்லை. 2023 ஏப்ரலில் நாட்ஸ் கவுண்டி அணியோடு. ரெக்ஸம் 3–2 முன்னிலை, ஆட்டம் முடிகிற நேரத்தில் எதிரணிக்கு பெனால்டி. கோல்கீப்பர் பென் ஃபாஸ்டருக்கு வயது நாற்பது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட மனிதரைக் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் அந்தப் பந்தைப் பாய்ந்து தடுத்துவிட்டார்! ஓய்வு பெற்றவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்கவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நடிகர் வந்தார், ஊர் பிழைத்தது" என்றுதான் நம் பிள்ளைகள் அந்தத் தொடரைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததை நான் பேரனை விட்டு போனில் தேடச் சொல்லிப் படித்தேன். 2004 வாக்கில் அந்தக் கிளப்பின் முதலாளியாக இருந்தவருக்கு ஆட்டத்தின் மேல் கண் இல்லை, மைதானத்து மண்ணின் மேல்தான் கண். கிளப்பைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு நிலத்தை விற்கப் பார்த்தார். ரேஸ்கோர்ஸ் என்ற அந்த மைதானம், இன்றும் சர்வதேச ஆட்டங்கள் நடக்கிற மைதானங்களிலேயே உலகத்தில் மிகப் பழையது. ஊர் ஜனம் தெருவில் இறங்கியது, வழக்குக்கு நின்றது. மைதானம் போகவில்லை.

2011இல் மறுபடி கஷ்டம். லீக் நிர்வாகம் கேட்ட பிணைத்தொகையைக் கட்டாவிட்டால் அணியே இல்லை என்ற நிலை. ஒரே நாளில் ரசிகர்கள் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் ரசிகர்கள் அமைத்த அறக்கட்டளையே கிளப்பை எடுத்துக்கொண்டது. பத்து வருடம் கேமரா இல்லை, நடிகர் இல்லை. டிக்கெட் கிழிப்பதும் பெயின்ட் அடிப்பதும் ஊர்க்காரர்கள்தான். பிறகு இந்த இரண்டு நடிகர்கள் வந்து கேட்டபோதுகூட உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். 98.6 சதவீதம் பேர் சம்மதம் சொன்ன பிறகுதான் கைமாறியது. பெயரை மாற்ற மாட்டோம், ஊரை விட்டுக் கொண்டுபோக மாட்டோம் என்று நடிகர்கள் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் பணம் போட்டார்கள், உழைத்தார்கள், நல்ல மனிதர்களாகவும் தெரிகிறார்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வந்து கை வைப்பதற்கு அங்கே ஒரு மைதானமும் ஒரு கிளப்பும் இருந்தது. அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள்.

நம் நாட்டிலும் நட்சத்திரங்கள் அணி வாங்காமல் இல்லை. 2014இல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது சென்னை அணிக்கு அபிஷேக் பச்சனும் தோனியும், கேரளாவுக்கு சச்சின், கவுகாத்திக்கு ஜான் ஆபிரகாம், பூனேவுக்கு ஹிருத்திக் ரோஷன் என்று பங்குதாரர்கள். சென்னையின் எஃப்சி இரண்டு முறை கோப்பையும் வாங்கியது, சந்தோஷம். ஆனால் பூனே அணி 2019இல் கலைந்து, அந்த இடம் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. அதே வருடம் டெல்லி அணி புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா அணியானது. வாடகை வீட்டுக்காரர் சாமான் கட்டுவது போல! டெல்லிக்காரனை யாராவது ஓட்டுப் போடச் சொன்னார்களா? 2025இல் லீக்கே நடக்குமா என்று தெரியாமல் நின்றபோது, சென்னை அணியும் தன் வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது.

இன்னொன்று, நமக்குப் பக்கத்திலேயே. கோயம்புத்தூரில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி எஃப்சி 2018–19 ஐ-லீக் சாம்பியன். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே ஒரு புள்ளியில் முந்தி வாங்கிய பட்டம். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. இன்று அந்த அணியை லீக்கில் தேடினால் காணோம். சாம்பியன் ஆனதும் போனதும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இப்போதுதான் தெரியும்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனை உங்களுக்கெல்லாம் தெரியும். செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்களின் மகள். ஓடச் சொல்லிக் கொடுத்ததும் ஷூ வாங்கிக் கொடுத்ததும் தாத்தா. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போதைய முதல்வர் கலைஞர் கொடுத்த 15 லட்சம் ரூபாயை வைத்து அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு அகாடமி தொடங்கினார். 2009இல் அதில் 68 பிள்ளைகள். அவர் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். பிறகு பணம் தீர்ந்தது. 2012இல் சாந்தி மறுபடி செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போனது பேப்பரில் வந்துதான் நமக்கெல்லாம் தெரிந்தது. அரசுப் பயிற்சியாளர் வேலை அதற்கப்புறம்தான் கிடைத்தது. அகாடமி நடந்த வருடங்களில் நாம் எல்லாரும் இதே மாவட்டத்தில்தான் இருந்தோம். நான் ஒரு நாள் போய் எட்டிப் பார்த்ததில்லை.

எட்டிப் பார்க்காததற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நம் பள்ளி நடுநிலைப் பள்ளி. விளையாட்டுக்குத் தனி ஆசிரியர் கிடையாது. விளையாட்டு பீரியடை வகுப்பு டீச்சர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். பையன்களிடம் பந்தைக் கொடுத்து வெளியே விரட்டிவிடுவேன். பெண் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து வாய்ப்பாடு, இல்லாவிட்டால் பூத்தையல். வேர்த்து விறுவிறுத்து ஓடினால் வீட்டில் வந்து சண்டை போடுவார்கள் என்று பயம். பயம் மட்டும் இல்லை, எனக்கே அப்படித்தான் தோன்றும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். எல்லைக்கோடு தாண்டி வருகிற பந்தை எடுத்துக் கொடுக்கப் போகிறவள், கொடுக்காமல் காலால் தட்டிக்கொண்டே மைதானத்தின் அந்தக் கடைசி வரைக்கும் போய்விடுவாள். பையன்கள் துரத்திப் பிடிக்க முடியாது. நான் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தேன். மூன்றாம் முறை மரத்தடியில் முட்டிபோட வைத்தேன். அப்புறம் அவள் பந்து பக்கம் போகவில்லை. எட்டாவதோடு படிப்பும் நின்றது, கல்யாணம் ஆனது. சாந்தி பதக்கம் வாங்கிய செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது இந்தப் பெண்தான்.

போன வாரம் அவளே போன் பண்ணினாள். நல்லா இருக்கீங்களா டீச்சர் என்று ஆரம்பித்து, மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து ஆடுகிறாள் என்றாள். பதினோரு பெண் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்களாம். ஆடுவதற்கு இடம் நம் பழைய பள்ளி மைதானம்தான். உங்களில் பல பேர் அந்த மைதானத்தைப் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். கஜா புயலில் விழுந்த மரங்களை ஒரு ஓரமாகக் கொண்டுவந்து குவித்தார்கள், 2018இல். பாதி அப்படியே மக்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றிச் சீமைக்கருவேலம் ஏறி, மைதானத்தில் பாதியைத் தின்றுவிட்டது. வடக்குப் பக்கச் சுற்றுச்சுவர் இல்லை. அந்தப் பக்கம் லாரி போய்ப் போய் பாதையே விழுந்துவிட்டது. இன்னும் நாலு வருடம் போனால் அது பாதை என்றே பதிவாகிவிடும்.

"முள்ளு குத்தி ரெண்டு பிள்ளைக ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துச்சுக டீச்சர். வெளிநாட்டுப் பிள்ளைக கிட்ட நீங்க சொன்னா கேக்கும். நடிகருக்குக் குடுக்குற காசுல அந்த முள்ளை வெட்டச் சொல்லுங்க" என்றாள். முட்டிபோட்டதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

குழுவில் நீங்கள் போட்ட பட்ஜெட்டைப் பார்த்தேன். நடிகருக்கும் அவர் கூட வருகிறவர்களுக்கும் கார், ஓட்டல், சன்மானம் என்று போட்டிருக்கிற தொகை மொத்தத்தில் பாதிக்கு மேல் வருகிறது. எட்டு அணி, எட்டும் ஆண்கள் அணி. ரெக்ஸத்தில் 2023 மார்ச்சில் பெண்கள் அணியின் ஒரு ஆட்டத்தைப் பார்க்க 9,511 பேர் வந்திருக்கிறார்கள், அதே பழைய மைதானத்தில். ரெக்ஸம் மாதிரி என்று ஆரம்பித்தது நீங்கள்தான், அதனால் சொல்கிறேன்.

போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கம் ஜல்லிக்கட்டும் கபடியும் இருக்கிற இடத்தில் கால்பந்தும் வரட்டுமே. கோப்பை சின்னதாக இருந்தால் போதும். முதலில் ஜேசிபி வைத்து முள்ளை வேரோடு பிடுங்கி, மண்ணைச் சமப்படுத்த வேண்டும். வெட்டிவிட்டால் மட்டும் போதாது, கருவேலம் மறுபடி தழைக்கும், உங்களுக்குத் தெரியாததா! வடக்குப் பக்கம் தற்காலிகமாகக் கம்பிவேலியாவது போட வேண்டும். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எழுத்தில் அனுமதி வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு இந்த வயதிலும் அலையத் தெம்பு இருக்கிறது. அந்தப் பதினோரு பிள்ளைகளுக்கு ஷூவும், வெளியூர் ஆட்டத்துக்கு வண்டிக் காசும் ஒரு வருடத்துக்கு. என் பென்ஷனில் முதல் பத்தாயிரம் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பணம் மிச்சம் இருந்தால் நடிகரைக் கூப்பிடுங்கள், நானே மாலை போடுகிறேன்.

நடிகருக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன். கொடுப்பதற்கு முன்னால் குழுவில் ஒரு ஓட்டெடுப்பு வையுங்கள். உள்ளூரில் இருக்கிறவர்களையும் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களையும் முதலில் குழுவில் சேர்த்துவிட்டு வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் மைதானத்தில் இருப்பேன், அளவு நாடா எடுத்து வருகிறேன். உள்ளூர்ப் பிள்ளைகள் யாராவது அரிவாளோடு வாருங்கள். செருப்பில்லாமல் வராதீர்கள்.