வெளியே போங்கள்!

நம் ஊரில் அவசர வைத்தியத்தின் முதல் மருந்து எது என்று யாராவது கேட்டால், பிராணவாயு என்றோ ஊசி என்றோ நான் சொல்ல மாட்டேன். 'வெளியே போங்கள்' என்ற இரண்டு வார்த்தைதான் அந்த மருந்து. அது நோயாளிக்குக் கொடுப்பதல்ல. அவரைச் சேர்ந்தவர்களுக்குக் கொடுப்பது. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றதும் மனைவிக்கு ஒரு வேளை, மகளுக்கு ஒரு வேளை, திண்ணையில் நிற்கும் தம்பிக்குச் சற்றுக் காரமாக ஒரு வேளை. இந்த மருந்து தப்பான மருந்து என்பது என் கட்சி.

இதைச் சொன்னால் நாகர்கோவிலில் எனக்குப் பழக்கமான வைத்தியர்கள் சிரிக்கிறார்கள். "ஓய், நீர் கதை எழுதுகிறவர். அழுகை என்றால் உமக்கு நாலு பக்கம் ஆச்சு. எங்களுக்கு அது இடைஞ்சலாக்கும்" என்றார் ஒருவர். நியாயமான கேலிதான். ஆகவே அவர் பக்கத்து நியாயத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் 108 வண்டிகள் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பர் 15-ம் தேதி. வழக்கமாக வண்டியில் வருகிறவர்கள் இரண்டே பேர்: ஓட்டுகிறவர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். இதயம் நின்றுபோன ஒருவரை அவர்கள் தரையில் கிடத்தி, மார்பின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுக்க வேண்டும். கை நின்றால் ரத்த ஓட்டமும் நிற்கும். மின்அதிர்ச்சி கொடுக்கும் கணத்தில் ஒருவர் கையும் உடம்பில் படக்கூடாது. அந்தச் சமயத்தில் மகன் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்கிறான். பெரியம்மை நினைவில்லாதவர் வாயில் சுக்குக் காப்பியை ஊற்றுகிறாள். வலிப்பு வந்தவர் கையில் பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். இவை உபத்திரவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காப்பி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிரே போகும்.

உபத்திரவம் உண்டு, ஒப்புக்கொண்டேன். அதற்கு மருந்து விரட்டுவதுதானா என்பதே கேள்வி.

விரட்டினால் அவர்கள் போய்விடுகிறார்களா? ஒரு தடவையாவது அப்படி நடந்து பார்த்திருக்கிறீர்களா? கதவுக்கு வெளியே தள்ளப்பட்டவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் மிக மோசமானதைக் கற்பனை செய்கிறான். மார்பை அமுக்கும் சத்தம் அவனுக்கு அடிக்கும் சத்தமாகக் கேட்கிறது. ஒரு நிமிஷம் கழித்துக் கதவை இடிக்கிறான். அப்போது அவன் வெறும் துக்கக்காரன் அல்லன், அவமானப்பட்ட துக்கக்காரன். ஒருவனை அதைவிட அபாயகரமானவனாக ஆக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குகிறவர்களுக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல், 10 ஆண்டு வரை சிறை என்று 2008-லேயே தமிழ்நாடு சட்டம் செய்தது. அந்தச் சட்டம் வேண்டும். ராத்திரி பகல் பாராமல் வந்து நிற்கிற பிள்ளைகள் மேல் கை வைக்கிறவனுக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை. ஆனால் சட்டம் அடி விழுந்த பிறகு வருவது. அடி விழுவதற்கு முந்தின ஐந்து நிமிஷத்துக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? அதே இரண்டு வார்த்தைதான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டு வாசலில் நான் நின்றிருந்தேன். ஊரையும் வண்டியையும் சொல்லப் போவதில்லை. அது யார்மேலும் வழக்குத் தொடுக்கிற சமாசாரமல்ல. பெரியவரை வண்டியில் ஏற்றினார்கள். மகள் பின்னாலேயே ஏறப் போனாள். "எறங்கும்மா, ஒண்ணுமில்லை, சரியாயிரும்" என்று ஒரு கை அவளைத் தடுத்தது, கதவு சாத்தப்பட்டது. அவள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை அவளுக்குச் சொன்னவர் வைத்தியர் கூட இல்லை, சீட்டு எழுதுகிறவர். பதினாறாம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனபோது, அவள் வைத்தியத்தைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. "அப்பா என்னைத் தேடினாளா அண்ணாச்சி? வாயைத் திறந்து ஏதாவது சொன்னாளா?" என்றுதான் கேட்டாள். இன்றைக்கும் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. 'ஒண்ணுமில்லை' என்ற சொல்லை அந்தப் பெண் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள்.

சமாதானமாகச் சொன்ன பொய் அது என்பீர்கள். பொய் யாருக்குச் சமாதானம்? சொல்லுகிறவருக்குத்தான். கேட்கிறவளுக்கு அது பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. "மூச்சு நின்றிருக்கிறது. நாங்கள் விடாமல் முயற்சி செய்கிறோம். நிலைமை மோசம்தான்." இவ்வளவுதான் உண்மை. இதைச் சொல்ல வைத்தியப் பட்டம் வேண்டாம். இறந்துவிட்டார் என்று தீர்ப்புச் சொல்வது மருத்துவரின் அதிகாரம். நிலைமை மோசம் என்று சொல்ல மனிதனாக இருந்தால் போதும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் ஃபூட் மருத்துவமனை என்று ஒன்று. 1982-ல் அங்கே இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஆம்புலன்ஸில் நோயாளியுடன் கூடவே வந்த உறவினர் ஒருவர் பிரிந்து வெளியே போக மறுத்துவிட்டார். சுடப்பட்ட ஒரு போலீஸ்காரரின் மனைவி, தன்னையும் உள்ளே விடும்படி மன்றாடினாள். இரண்டு தடவையும் விட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. அதன் பின் அந்த ஆஸ்பத்திரி, உள்ளே விடப்படாதிருந்த மற்ற குடும்பங்களை விசாரித்தது. பெரும்பாலோர் உள்ளே இருக்கவே விரும்பியிருப்போம் என்றார்கள். அங்கே விதி மாறியது.

உணர்ச்சிவசப்பட்ட கதை என்று தள்ளுகிறவர்களுக்குக் கணக்கும் இருக்கிறது. பிரான்ஸில் 15 அவசர ஊர்திப் பிரிவுகள், வீட்டில் இதயம் நின்றுபோனவர்களின் உறவினர் 570 பேரை வைத்து ஆராய்ந்தன. 2013-ல் முடிவு வெளிவந்தது. ஒரு பகுதியினரை, 'நீங்கள் இருந்து பார்க்கலாம்' என்று முறையாக அழைத்தார்கள். மற்றவர்களிடம் பழைய வழக்கப்படி நடந்துகொண்டார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, மனம் பேதலித்து அந்தக் காட்சியாலேயே வதைபடுகிறவர்கள் பழைய வழக்கத்துப் பகுதியில்தான் அதிகம். இருந்து பார்த்ததால் வைத்தியம் கெடவில்லை. பிழைத்தவர் எண்ணிக்கை குறையவில்லை. பணியாளர்களின் மனச்சுமை கூடவில்லை. கோர்ட்டுக்குப் போனவர்களும் இல்லை.

"பிரான்ஸில் வண்டியிலேயே டாக்டர் வருவார் ஓய், ஆள்பலம் உண்டு, நமக்கு இரண்டு பேர்" என்று என் வைத்திய நண்பர் உடனே சொல்வார். சரியான ஆட்சேபம். அதனால்தான் நான் எல்லாரையும் உள்ளே விடச் சொல்லவில்லை. ஒருவரை விடுங்கள். அந்த ஒருவருக்கு ஒரு வேலை கொடுங்கள்.

ஒரு வீட்டில் இதைச் சரியாகச் செய்ததையும் பார்த்தேன். உதவியாளராக வந்தது இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். உள்ளே நுழையும்போதே, அலறிக்கொண்டிருந்த கிழவியின் தோளைத் தொட்டு, "பாட்டி, இவிய பேரென்ன? என்னென்ன மாத்திரை சாப்பிடுவாவ? பையோட எடுத்துட்டு வாங்க" என்றாள். அலறல் நின்றது. கிழவி மாத்திரைப் பையோடு வந்தாள். பேரனைத் தெருமுனைக்கு அனுப்பி வழி விலக்கச் சொன்னாள். கோட்டாற்றிலும் வடசேரியிலும் சந்துகள் எப்படி என்று நமக்குத் தெரியும். அந்த வேலை வெறும் சாக்கல்ல. "நான் இவிய மார்பை அமுக்கணும், பார்க்கக் கஷ்டமா இருக்கும், நீங்க தலைமாட்டுல உக்காந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம் ஆகியிருக்காது. அவள் கை அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. அவளுக்கு இது பாடத்தில் வந்ததோ பிறவியில் வந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் பிறவியில் வரட்டும் என்று காத்திருக்கிற விஷயமல்ல இது. மார்பை அமுக்கப் பொம்மை வைத்துப் பழக்குகிறோம். அழுகிறவளிடம் பேசவும் அப்படியே பழக்க வேண்டும்.

வண்டிக்காரர்களை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் துஷ்டி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு மூத்த பெண், யாரும் நியமிக்காமலே பொறுப்பெடுத்துக்கொள்வாள், அழுகிறவளைக் கட்டிக்கொண்டு உட்காருவாள், தண்ணீர் கொடுப்பாள், குழந்தைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்புவாள். சாவுக்குப் பிறகு இவ்வளவு ஒழுங்காக இருக்கத் தெரிந்த ஜனங்கள், சாவு இன்னும் தீர்மானமாகாத அரைமணி நேரத்தில் ஏன் சந்தைக்கூட்டமாகிறோம்? எட்டுப் பேர் வண்டியில் ஏறப் பார்க்கிறார்கள். 'ஆசாரிப்பள்ளம் வேண்டாம், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போ' என்று இரண்டு மருமகன்கள் நடுத்தெருவில் வாதாடுகிறார்கள். மூன்றாமவன் செல்போனில் படம் பிடிக்கிறான். இவர்களைக் கண்டு உதவியாளர் கத்துகிறார். அந்தக் கத்தல் யாருக்குச் சம்பந்தமே இல்லையோ அந்த மனைவிமேல் போய் விழுகிறது.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. வண்டியில் வருகிறவர்கள் ஒருவர் பேரைக் கேட்டு அவரிடம் பேசட்டும்; உண்மையைச் சொல்லட்டும்; ஒரு வேலை கொடுக்கட்டும்; முடிந்தால் கூடவே ஏற்றிக்கொள்ளட்டும். பின்னால் இடமில்லையென்றால் ஓட்டுநர் பக்கத்து ஆசனம் இருக்கிறது. 108-ஐ அழைத்ததும் மறுமுனையில் பேசுகிறவர், வண்டி வருமுன்பே வாசல் விளக்கைப் போடவும் ஆளைத் தெருமுனையில் நிறுத்தவும் சொல்லட்டும். பயிற்சி கொடுக்கிற அரசாங்கம் அதற்குச் சில மணி நேரம் ஒதுக்கட்டும். அடுத்த வீட்டுக்காரராகிய நீங்கள், வேடிக்கை பார்க்காமல், அந்த மூத்த பெண்ணின் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதனால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று நண்பர் கேட்பார். ஒன்றுகூடப் பிழைக்காமல் போகலாம். பிழைக்காத வீடுகளிலும் மனிதர்கள் மிச்சமிருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் கேட்கிறேன்.