"அது தோட்டத்துப் பாதை" என்ற சாட்டு

கசப்பான விசயம், ஆனாலும் பேசத்தான் வேணும்.

2023 மார்ச்சில் இருந்து 2025 மே தேர்தல் வரைக்கும் நம்ம பதுளை மாவட்டத்துப் பிரதேச சபைகளில் உறுப்பினர்களே இல்லை. செயலாளர்தான் எல்லாம். இப்போது தவிசாளர், உறுப்பினர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆனால் லயத்துப் பாதையைக் கேட்டால் பழைய பதில்தான்: "அது தோட்டத்துக்குச் சொந்தம், சட்டத்தில் இடமில்லை."

1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இருந்தது உண்மை. 2018இல் அதைத் திருத்தியாகிவிட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்யலாம். சபையில் வருமானம் குறைவு, ஆளும் குறைவு. அது எனக்கும் தெரியும். காசில்லை என்றால் காசில்லை என்று சொல்லுங்கள். சட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்.

நம்மிடமும் ஒரு கேள்வி. டவுனில் கான் அடைத்தால் ஒரு கோலில் வேலை முடிகிறது. மழையில் சறுக்கும் பாதையில் கொழுந்துக்குப் போகும் பெண்ணுக்காக யார் கோல் எடுப்பது? அவர்களுடைய சம்பள நாளில்தானே நம்ம கடைகளில் வியாபாரம்!

பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுப்போம். மறுத்தால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டத்தின்படி காரணத்தை எழுத்தில் கேட்போம்.