பெயரைத் தொடுமுன்

எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் ஒன்றிய அரசின் சஹ்யோக் இணையதளம் வழியாக, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79(3)(பி) பிரிவின்கீழ் அறிவிக்கை அனுப்புவது செல்லும் என்பதே தீர்ப்பின் சாரம். பின்னாலேயே அக்டோபர் 22 அன்று தகவல் தொழில்நுட்ப விதிகளின் 3(1)(டி) விதி திருத்தப்பட்டு, நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. அரசுத் துறைகளில் இணைச் செயலர் நிலைக்கும் காவல்துறையில் டிஐஜி நிலைக்கும் குறையாதவரே இனி அறிவிக்கை அனுப்பலாம். சட்ட அடிப்படையையும் துல்லியமான இணைய முகவரியையும் அதில் காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை செயலர் நிலையில் மறுஆய்வு உண்டு. கீழ்நிலை அதிகாரிகளும் அனுப்பிவந்த பழைய நிலையைவிட இது மேல். ஆனால் பயனர்பெயர் விஷயத்தில் தீர்ப்பும் திருத்தமும் சேர்ந்து திறந்துவிட்ட வழி நல்லதல்ல. மட்டுறுத்துநர்கள் முதல் அறிவிக்கை வரும்வரை காத்திராமல் இப்போதே நிலைப்பாடு எடுத்தாக வேண்டும்.

அந்த வழக்கு விசாரணையில், 'கர்நாடக உச்ச நீதிமன்றம்' என்ற பெயரில் எக்ஸ் தளத்தில் தொடங்கப்பட்ட ஒரு போலிக் கணக்கை ஒன்றிய அரசின் தரப்பு எடுத்துக்காட்டியது. அப்படியொரு நீதிமன்றமே கிடையாது. ஏமாற்றும் பெயரை நீக்க வேண்டும் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆள்மாறாட்டப் புகாருக்குக் கடுமையான காலக்கெடு ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல், யாரையும் ஏமாற்றாமல் தன் கருத்தை மட்டும் சொல்லும் பெயரில்தான். ஒரு பதிவு குற்றமானால் அந்தப் பதிவின் முகவரி போகும், மற்றவை நிற்கும். பெயரே குற்றமென்றால் கணக்கின் முகவரி போகும். அதனடியில் ஆண்டுக்கணக்கில் எழுதியவை எல்லாம் கூடவே போகும். பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி அவகாசம் தர வேண்டும் என்றோ, பயனருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்றோ திருத்தத்தில் ஒரு வரி இல்லை. தளம் தானாக நீக்கும்போது காரணம் சொல்ல வேண்டும் என்கிற 4(8) விதியும் 50 லட்சம் பயனர்களைக் கடந்த தளங்களுக்கு மட்டுமே. நம்மில் பெரும்பாலோர் நடத்தும் தமிழ்க் குழுமங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

வம்பே வேண்டாம், அரசியல் தொனிக்கும் பெயர்கள் அத்தனையையும் தடுத்துவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எல்லாக் கட்சிக்கும் பொதுவான விதி என்பதால் நடுநிலை போலத் தெரிகிறது. தமிழில் அது நடுநிலை ஆகாது. இங்கே பெயரை வைப்பதும் விடுவதுமே அரசியலாக இருந்திருக்கிறது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னதும் அந்த வரலாறுதான். 1953-இல் சோவியத் தலைவர் மறைந்த வேளையில் பிறந்த குழந்தைக்கு ஸ்டாலின் என்று பெயரிட்டார் மு. கருணாநிதி. லெனின்களும் பிரபாகரன்களும் நம் வகுப்பறைகளில் வருகைப் பதிவேட்டுப் பெயர்கள். வடிகட்டி இவற்றைச் சந்தேகிக்கும். ஆனால் பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டத்தை வெறும் குடும்பப் பெயர் என்று எண்ணிக் கடந்துபோகும். பட்டத்தைத் தாங்கியவர் இயல்பானவர், 'சாதி ஒழிப்போன்' என்று பெயர் வைத்தவர் அரசியல்வாதி என்றால், அந்த விதி ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சாதிப் பெயர் அரசியல் என்பதை ஒப்புக்கொண்டுதானே தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வெளியிட்டது?

திருத்தணியை எடுத்துக்கொள்வோம். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959-ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றைத் தாண்டி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் ஒலிக்கும் ஊர். இங்கே ஒருவர் 'வடவேங்கடத்தான்' என்று பயனர்பெயர் வைத்தால், திருமலைப் பெருமாளின் அடியார் என்று ஒருவர் படிப்பார். பழந்தமிழ் நாட்டின் வட எல்லையை நினைவூட்டுகிறார் என்று இன்னொருவர் படிப்பார். திருப்பதிமேல் உரிமை கோருகிறார் என்று மூன்றாமவர் படிப்பார். மூன்றும் சரியாக இருக்கலாம். எல்லைக்கு இருபுறமும் உள்ள காவல்துறைகளில் எது வேண்டுமானாலும் அறிவிக்கை அனுப்பலாம். அனுப்புபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தளத்தின் விதிகளை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பயனர் விரும்பும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் நம்மீது கடமை சுமத்தினார்கள். பயனரின் பெயரை அதன் மொழியில் படித்துவிட்டு ஆணையிட வேண்டும் என்ற கடமையைத் தங்கள்மீது சுமத்திக்கொள்ளவில்லை. மொழியறிந்த ஒருவரின் கையொப்பம் கேட்பது அவ்வளவு பெரிய கோரிக்கையா? அரசியல் பெயர் ஆட்சியாளர்களுக்கும் புதிதல்ல. 2019 மார்ச்சில் பிரதமரும் அமைச்சர்களும் ட்விட்டரில் தங்கள் பெயருக்கு முன்னால் 'சௌகிதார்' என்று சேர்த்துக்கொண்டார்கள். தேர்தல் முழக்கமே பெயரானது. யாரும் முடக்கவில்லை, முடக்கியிருக்கவும் கூடாது. 2021 பிப்ரவரி 1 அன்று போராடிய விவசாயிகளின் குரலான கிசான் ஏக்தா மோர்ச்சாவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. அங்கே காரணம் பெயரல்ல, ஒரு ஹேஷ்டேக். ஆனாலும் மறைந்தது முழுக் கணக்கு. ஆட்சியாளரின் பெயருக்கும் விவசாயிகளின் கணக்குக்கும் காட்டிய அந்த வேறுபாட்டை மறக்கச் சொன்னால் மறக்க முடியாது.

பதிவைப் படிக்காமல் தாண்டலாம், பெயரைத் தாண்ட முடியாது என்ற மறுப்பு வலுவானது. சமையல் குறிப்புக் குழுமத்தில் ஒவ்வொரு மறுமொழியின் தலையிலும் ஒரு தலைவரின் பெயரும் 'ஒழிக'வும் நின்றால் பேச்சே திசைமாறும். அதற்குத் தீர்வு பெயர்மாற்றமே, முடக்கம் அல்ல. விக்கிப்பீடியா நெடுங்காலமாகச் செய்துவருவது அதுதான்: பயனரிடம் முதலில் பேசுவது, பெயர்மாற்றத்துக்கு வழிகாட்டுவது, தேவைப்பட்டால் புதுக் கணக்குக்கு இடம்விட்டு மென்தடை போடுவது. பழைய பங்களிப்புகள் அப்படியே நிற்கும்.

ஆகவே நண்பர்களே, அறிவிக்கை வந்தால் கெடுவுக்குள் செயல்படுங்கள், ஆனால் காட்சிப்பெயரை மட்டும் மறைத்துப் பதிவுகளைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். பயனருக்கு அன்றே தகவல் கொடுங்கள்; சட்டம் கேட்காவிட்டாலும் கொடுங்கள். ஆள்மாறாட்டம், மிரட்டல், வசை ஆகிய மூன்றும் அல்லாத எந்தப் பெயரையும் நீங்களாக நீக்காதீர்கள்.