குளிர்காலச் சந்தையில் இரண்டு கணக்குகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் நவம்பர் தொடங்கி மார்ச் பிற்பகுதி வரை ஆட்டம் இல்லை. பருவத்தின் இறுதியான உலகத் தொடர் முடிந்த கையோடு வீரர் சந்தை சூடு பிடிக்கிறது. டிசம்பரில் 30 அணிகளின் நிர்வாகிகளும் வீரர்களின் முகவர்களும் குளிர்காலக் கூட்டத்துக்காக ஒரே ஊரில் கூடுகிறார்கள். பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் தொடங்குகின்றன. இந்த இடைவெளியில் நடக்கும் ஒப்பந்தங்களையும் வீரர் பரிமாற்றங்களையும் உண்மை வீரர்களின் எண்களை வைத்துக் கற்பனை அணி நடத்த மார்ச் மாத ஏலத்துக்குத் தயாராகும் ஃபேன்டசி அணி உரிமையாளர்களும் கூர்ந்து கவனிக்கிறார்கள். இரு தரப்பும் எடைபோடுவது ஒரே வீரரைத்தான் என்றாலும் இருவரது தராசும் வேறு. அணி நிர்வாகி வெற்றிகளை எண்ணுகிறார். ஃபேன்டசி உரிமையாளர் குறிப்பிட்ட சில எண்களை மட்டும் எண்ணுகிறார். இந்த வேறுபாட்டை மறப்பதால்தான் குளிர்காலச் செய்திகளைத் தவறாமல் படிப்பவர்கள்கூட ஏலத்தில் ஏமாறுகிறார்கள்.

இப்படியொரு சந்தை எப்போதும் இருந்ததில்லை. 1970களின் நடுப்பகுதி வரை ஒரு வீரர் தன்னை ஒப்பந்தம் செய்த அணிக்கே கட்டுப்பட்டவர். அணி விற்றால் போக வேண்டும், வைத்துக்கொண்டால் இருக்க வேண்டும். 1969இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன்னைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது கர்ட் ஃபிளட் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் இழந்ததை அடுத்தவர்கள் பெற்றார்கள். 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ், ஆன்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னலி இருவரையும் எந்த அணிக்கும் கட்டுப்படாதவர்கள் என அறிவித்தார். ஆறு ஆண்டு மேஜர் லீக் சேவை முடித்தவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம் என்ற விதி அதன் தொடர்ச்சியாக வந்தது. இன்று கோடிகளில் பேரம் பேசும் ஒவ்வொரு வீரரும் ஃபிளட்டுக்குக் கடன்பட்டவர்.

சைட்ஸின் தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகளுக்குள், 1980இல், டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் தங்கள் கற்பனை அணிகளுக்கு வீரர்களை ஏலம் எடுத்தார்கள். அவர்கள் கூடிப் பேசிய லா ரொட்டிசரி ஃபிரான்சேஸ் என்ற உணவகத்தின் பெயரால் அந்த ஆட்டம் ரொட்டிசரி பேஸ்பால் ஆனது. இன்று வழக்கமான வடிவத்தில் ஒவ்வோர் உரிமையாளருக்கும் 260 கற்பனை டாலர். அதற்குள் 23 வீரர்களை வாங்க வேண்டும். பேட்டிங்கில் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ, ரன், ஸ்டோலன் பேஸ். பிட்சிங்கில் வெற்றி, சேவ், ஸ்ட்ரைக்அவுட், ஈஆர்ஏ, விப் எனப் பத்துப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் பெறும் இடத்துக்கேற்பப் புள்ளி. இந்தியாவில் டிரீம்11 பரப்பியது ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி என்ற வேறு வகை. அதில் குளிர்காலத்துக்கு வேலை இல்லை. ரொட்டிசரியிலோ மார்ச்சில் வாங்கிய அணியை ஆறு மாதம் நடத்த வேண்டும்.

இந்தப் பத்தில் ஃபீல்டிங் இல்லை. பொறுமையாக நின்று வாங்கும் வாக் இல்லை. அணியை வெல்லவைக்கும் திறமைகளில் பாதி இந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. ஆனால் சேவ் ஏறுகிறது. கடைசி இன்னிங்ஸில் குறைந்த முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சருக்குக் கிடைப்பது அது. அணிக்குப் பெரும்பாலும் ஒருவரே அந்தப் பொறுப்பை ஏற்கிறார், க்ளோசர் என்ற பெயரில். 2023இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் க்ளோசர் ரயன் பிரெஸ்லி 31 சேவ் எடுத்தார். 2024 ஜனவரியில் அதே அணி ஜாஷ் ஹேடரை 5 ஆண்டுக்கு 9.5 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்தது. பிரெஸ்லி எட்டாவது இன்னிங்ஸுக்கு நகர்ந்தார். அணியைப் பொறுத்தவரை இது நல்ல முடிவு: வலுவான இரண்டு கைகள், அடுத்தடுத்த இரண்டு இன்னிங்ஸ். ஃபேன்டசியைப் பொறுத்தவரை பிரெஸ்லியின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. அவர் பந்துவீச்சில் எதுவும் மாறவில்லை, ஊர்கூட மாறவில்லை. பொறுப்பு மட்டும் மாறியது. குளிர்காலச் செய்தி ஒவ்வொன்றிலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: வந்தவர் யாருடைய இடத்தைப் பிடிக்கிறார், போனவர் யாருக்கு இடம் விட்டார்?

மைதானம் அடுத்த கேள்வி. கொலராடோ ராக்கீஸின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து தொலைவு போகிறது, வீசிய பந்து குறைவாக வளைகிறது. அங்கிருந்து வெளியேறும் பேட்டரின் விலையைக் குறைப்பது ஏல மேசைகளின் வழக்கம். டி.ஜே. லமேஹ்யூ 2018இல் ராக்கீஸுக்காக .276 சராசரியும் 15 ஹோம் ரன்னும் எடுத்துவிட்டு யாங்கீஸ் அணிக்குப் போனார். 2019இல் .327, 26 ஹோம் ரன். வலக்கை பேட்டரான அவர் பந்தை எதிர்ப்பக்கமாக, வலப்புறம் அடித்துப் பழகியவர். யாங்கி ஸ்டேடியத்தில் வலப்புற எல்லை வெறும் 314 அடியில் இருக்கிறது. அந்த ஆண்டு லீக் முழுவதும் 6,776 ஹோம் ரன் என்ற சாதனை வேறு. மைதானத்தின் பொது இயல்பை அறிந்தால் போதாது, குறிப்பிட்ட வீரரின் அடி எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத் தொகை பெரிதாகப் பேசப்படுகிறது. அவ்வளவு பேச்சுக்கு அது தகுதியானதல்ல. 2023 டிசம்பரில், பிட்சராகவும் பேட்டராகவும் ஆடும் ஷோஹேய் ஓட்டானி டாட்ஜர்ஸ் அணியுடன் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தமானார். அதில் 68 கோடி 2034 முதல்தான் கையில் வரும் என்பதால், அதிகச் சம்பளம் தரும் அணிகளுக்கு லீக் விதிக்கும் வரிக் கணக்கில் அது ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடிதான். முழங்கை அறுவைச் சிகிச்சை காரணமாக 2024இல் அவர் பந்து வீசவே மாட்டார் என்பது கையெழுத்தின்போதே தெரியும். பேட்டராக மட்டும் ஆடி 54 ஹோம் ரன்னும் 59 ஸ்டோலன் பேஸும் எடுத்தார். அடுத்த டிசம்பரில் ஹுவான் சோட்டோ மெட்ஸ் அணியுடன் 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலருக்கு ஒப்பந்தமானார். அதுவரை ஓர் ஆண்டில் 12க்கு மேல் பேஸ் திருடாத அவர் 2025இல் 38 திருடினார். மெட்ஸின் அப்போதைய முதல் பேஸ் பயிற்சியாளர் அன்டோன் ரிச்சர்ட்சனுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. 76.5 கோடி என்ற எண்ணில் அதற்கான அறிகுறி எதுவும் கிடையாது.

விதி மாற்றங்கள் பரிமாற்றங்களைவிட அமைதியாக வருகின்றன, சிலசமயம் ஃபேன்டசி கணக்கை அவற்றைவிட அதிகம் மாற்றிவிடுகின்றன. 2023 பருவத்துக்குப் பேஸின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது; ஓட்டக்காரரைப் பிடிக்க பிட்சர் செய்யும் முயற்சிகளுக்கும் வரம்பு வந்தது. 2022இல் 2,486 ஆக இருந்த ஸ்டோலன் பேஸ் எண்ணிக்கை 2023இல் 3,503 ஆனது. இந்த விதிகள் முந்தைய செப்டம்பரிலேயே அறிவிக்கப்பட்டவை. எல்லோருக்கும் கணக்கிட நேரம் இருந்தது.

பழைய வீரர்களைக் குறைந்த விலைக்கே தக்கவைக்க அனுமதிக்கும் ஃபேன்டசி லீக்குகளில் இன்னொரு கணக்கு சேர்கிறது. 12 அணி, அணிக்கு 260 என்றால் மொத்தப் பணம் 3,120. உண்மையில் 1,000 பெறுமான வீரர்கள் 600க்குத் தக்கவைக்கப்பட்டார்கள் என்று கொள்வோம். மேசையில் மிஞ்சும் பணம் 2,520; மிஞ்சும் வீரர்களின் மதிப்பு 2,120. பணம் மதிப்பைவிட ஏறக்குறைய 19 சதவீதம் கூடுதல். 30 டாலர் பெறுமான வீரர் 35 அல்லது 36க்குப் போவதே அங்கே நியாயமான விலை. பட்டியலில் அச்சிட்ட விலையைத் தாண்ட மறுப்பவர் நல்ல வீரர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டுக் கடைசியில் செலவழியாத பணத்துடன் எழுந்து போவார். தக்கவைப்புப் பட்டியல் வெளியான அன்றே இந்த விகிதத்தைக் கணக்கிட்டுவிடுவது எந்தப் பரிமாற்றச் செய்தியைப் படிப்பதைவிடவும் பயன் தரும்.

சந்தை முற்றிலும் நின்றுபோகும் குளிர்காலமும் உண்டு. 2021 டிசம்பர் 2 அன்று மேஜர் லீக் அணிகளின் உரிமையாளர்கள் கதவடைப்பு அறிவித்ததும் மேஜர் லீக் ஒப்பந்தங்கள் அனைத்தும் உறைந்தன. 99 நாள் கழித்து, 2022 மார்ச் 10 அன்று வீரர்களுடன் உடன்பாடு வந்தது. ஏப்ரல் 7இல் ஆட்டம் தொடங்கியது. மூன்று மாத வேலை நான்கு வாரத்தில் நடந்தது. அந்த உடன்பாட்டின் காலம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது.