பெயர்ப் பலகையைக் கண்டு ஏமாறாதீர்!

ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்ததும், தமிழகத்தின் கலைக் கல்லூரி வாசல்களில் ஒரு வியாபாரம் சூடுபிடிக்கிறது. பி.காம். என்றால் ஒரே பட்டம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், கணக்கியல்-நிதி, வங்கி மேலாண்மை, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்று கடை விரித்திருக்கிறார்கள். பி.பி.ஏ.யிலோ மார்க்கெட்டிங், நிதி, மனித வளம்! "சரியான பிரிவை எடு, வேலை உன்னைத் தேடி வரும்" என்று ஆலோசகர்கள் அடித்துச் சொல்கிறார்கள். வேலை வராவிட்டால்? "நீ தவறான பிரிவை எடுத்துவிட்டாய்" என்று பழியை மாணவன் தலையிலேயே கட்டுகிறார்கள்!

இந்தப் பிரசாரம் பொய் என்று நாம் சொல்கிறோம்.

ஆதாரம் என்ன?

வங்கி மேலாண்மை படித்தால்தான் வங்கி வேலையா? பொதுத்துறை வங்கிகளின் குமாஸ்தா தேர்வுக்கும் அதிகாரி தேர்வுக்கும் ஏதாவதொரு பட்டம் போதும். தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 2 பதவிகளில் பலவற்றுக்கும் அப்படியே. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் படிப்பின் இடைநிலைக்கு நேரடியாகச் சேர, வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதம், மற்ற பட்டதாரிக்கு 60 சதம் மதிப்பெண் கேட்கிறார்கள். பிரிவின் அலங்காரப் பெயரை அங்கே யார் கேட்கிறார்கள்?

கேட்கிற இடமும் ஒன்று உண்டு. அங்கே அந்தப் பெயரே காலை வாரிவிடுகிறது! 'வணிகவியல் பட்டம்' என்று குறிப்பிட்டு அழைக்கும் சர்க்கார் வேலைக்குப் போனால், "உன் பட்டம் அதற்கு இணையானதா?" என்ற கேள்வி எழுகிறது. இணை என்று அரசாணை இருந்தால் பிழைத்தான். இல்லையென்றால் மூன்று வருஷப் படிப்பும் அந்த வேலைக்கு உதவாது. கட்டணம் வாங்கியபோது இதைச் சொன்னவர் உண்டா?

யாருக்கு லாபம்?

உதவி பெறும் கல்லூரி ஒன்றைப் பாருங்கள். ஒரே கட்டிடம், ஒரே பெயர்ப் பலகை. காலையில் சர்க்கார் சம்பளம் கொடுக்கும் பிரிவு. மாலையில் சுயநிதிப் பிரிவு. மாலையில் கட்டணம் பல மடங்கு; ஆசிரியருக்குச் சம்பளமோ சொற்பம். புதுப் பெயர்கள் பெரும்பாலும் எங்கே முளைக்கின்றன? மாலையில்தான்! கூலிக்காரன் மகனுக்கு முன்னால் வைக்கப்படுவது பிரிவுப் பட்டியல் அல்ல, விலைப் பட்டியல்.

அப்படியானால் எல்லாப் பிரிவும் ஒன்றுதானா? இல்லை. கணக்கியல், சட்டம், புள்ளியியல் ஆகிய மூன்றும்தான் அடித்தளம். இவை பலமாக உள்ள படிப்பே கை கொடுக்கும். 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் தலைவர், இல்லாத 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இருப்பதாகக் கணக்கு காட்டியதைத் தாமே எழுதி ஒப்புக்கொண்டார். வருஷக்கணக்காகத் தணிக்கை நடந்தும் அதுவரை மோசடி வெளிவரவில்லை! கணக்கைப் படிப்பதென்றால் வரவு செலவு எழுதப் பழகுவது மட்டுமல்ல, பொய்க் கணக்கைப் பிடிப்பதும்தான்.

மனித வளம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உழைப்பவனை 'வளம்' என்று நிலக்கரியோடு சேர்த்து எண்ணுகிறது அந்தப் பெயர். 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தின் விதிகளை மனப்பாடம் செய்தால் போதாது. 1918-ல் சென்னையில் மில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்ததையும், மில் முதலாளிகள் அச்சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்ததையும், அந்தச் சட்டத்தின் தேவை அங்கிருந்து எழுந்ததையும் தேடிப் படியுங்கள். நாளை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரும்போது, இந்தப் பக்கம் நிற்பவன் யார் என்று தெரியும்.

மாணவ நண்பர்களே! பெற்றோர்களே! சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இப்பட்டம் பொது பி.காம்.முக்கு இணை என்ற அரசாணை உண்டா? பாடத்திட்டத்தில் கணக்கும் சட்டமும் எத்தனை தாள்? சர்க்கார் கல்லூரியிலோ உதவி பெறும் பிரிவிலோ இடம் இருக்கிறதா? இடமிருந்தால் பளபளப்பான பெயரை உதறிவிட்டு அங்கே சேருங்கள்.

இதோடு விஷயம் முடியவில்லை. சர்க்கார் கல்லூரிகளில் வணிகவியல் இடங்களைப் பெருக்கு! இணை என்று முடிவாகாத பட்டத்துக்கு மாணவர் சேர்க்கையை அனுமதிக்காதே! காலிப் பணியிடங்களை நிரப்பு! இக்கோரிக்கைகளை மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் ஒன்றுகூடி எழுப்ப வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டம் மாணவன் விண்ணப்பத்தில் செய்த பிழையால் வந்ததல்ல. அவன் தலைகுனிய வேண்டியதில்லை!